சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை டாக்டர்: யார் இந்த எல்லாப்ரகடா சுப்பாராவ்?

கோவில்பட்டி பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு பெயரும் இருக்கும்: ஃபோலிக் ஆசிட். அதாவது வைட்டமின் பி9. அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ்.

கதரால் போன பட்டம்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் 3-வது முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அங்கி போட்டார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார்.

அதற்குள் ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்திருந்தார். என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாத நோய் அது.

இரவில் மருத்துவமனை வேலை

1922-ல் அமெரிக்கா போனார். பாஸ்டன் மருத்துவமனையில் இரவுப் பணியாளர் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். 1929-ல் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்து வெளியிட்டார்.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் ஆசிடை உருவாக்கியது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கான சிகிச்சையில் இன்றும் அதற்கு இடம் உண்டு.

பி9 என்ன செய்யும்?

புது செல் உருவாக டி.என்.ஏ. வேண்டும். அதைத் தயாரிக்க பி9 வேண்டும். இது குறைந்தால் ரத்த அணுக்கள் முதிராமல் பெருத்துப்போய் ரத்தசோகை வரும். கருவில் மூளை, தண்டுவடமாக மாறும் குழாய் முதல் 28 நாளிலேயே மூடிவிட வேண்டும். அதற்கும் பி9 அவசியம். அதனால்தான் கரு தரிக்கும் முன்பே மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

புற்றுநோய் செல்லும் பெருக பி9 கேட்கும். அதைத் தடுக்கும் மருந்துகளையும் சுப்பாராவ் குழுதான் உருவாக்கியது. அதில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

1948-ல், 53 வயதில் சுப்பாராவ் இறந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

கரிசல் காட்டில் விளையும் உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாவற்றிலும் பி9 உண்டு. கீரையிலும் உண்டு, ரொம்ப நேரம் வேகவைத்தால் குறைந்துபோகும். ஆனால் கர்ப்ப காலத்துக்கு சாப்பாடு மட்டும் போதாது. மலம் கருப்பா போகுது, குமட்டுதுன்னு மாத்திரையை மூலையில் போட்டுடாதீங்க. அது இரும்புச்சத்தால் வருவது. நர்ஸிடம் சொன்னால் எப்போது, எப்படிச் சாப்பிடலாம் என்று வழி சொல்வார்.