திப்பு சுல்தானின் பட்டாளக் கணக்கு

திப்பு சுல்தான் என்றதும் நம்மவர்களுக்கு வாளும் புலியுந்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த வாளுக்குப் பின்னால் நின்ற பட்டாளம் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குச் சோறு போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அவ்வளவாக விசாரிப்பதில்லை. வியாபாரிகளான நாம் விசாரிக்க வேண்டிய இடம் அதுவே.

அன்னார் 1750-இல் தேவனஹள்ளியில் பிறந்தவர். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். ஆக, அந்தப் பேர் நம் தமிழ்ப் பக்கத்திலிருந்து போனது. தகப்பனார் ஹைதர் அலி எழுத்து வாசனை அறியாதவர். மகனுக்கோ கிதாபும் ஓதிக் கொடுத்தார்கள், பட்டாளப் பழக்கமும் கற்பித்தார்கள்.

1782 கடைசியில் தகப்பனார் மவுத்தானதும் ராஜ்யம் இவர் கைக்கு வந்தது. சைன்யத்தைக் கூஷூன், ஜவுக் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைவனை வைத்தார். சம்பளத்தைக் கவனிக்க பக்ஷி என்ற அதிகாரி. சிப்பாய்களுக்குப் பயிற்சி விவரமெல்லாம் அடங்கிய 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற கிதாபை எழுதச் செய்தார். அணிவகுப்பில் அந்நிய பாஷையில் இட்டு வந்த கட்டளைகள் பார்ஸியாயின. சிப்பாய்க்கு ஊதா நிறச் சட்டை, அதில் வெள்ளையில் புலிக் குறி. தலையில் சிவப்பு முண்டாசு. பீரங்கி வாயிலும் புலி முகந்தான்!

எல்லாவற்றிலும் பேர் பெற்றது வாணப் படை. வாணம் முன்பும் உண்டு. மூங்கிலிலும் காகிதத்திலும் செய்வார்கள். மருந்தை அதிகம் அடைத்தால் குழாய் பிளந்துவிடும். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி நீண்ட மூங்கிலில் கட்டினார்கள். அது ஆயிரம் கெஜத்துக்கு மேலும் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து, கும்பெனிப் படை சரணடைந்தது. அந்த யுத்தத்தில் இளவரசர் திப்பு முன்னணியில் நின்றார்.

பீரங்கி இழுக்க மாடு வேண்டுமே. அதற்கென்றே வளர்த்த மந்தைக்கு அம்ரித் மஹால் என்று பேர். ஒட்டகத்தையும் யானையையும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாட்டை மறந்துவிடுகிறார்கள். நம் பார்வையில் பாதி வெற்றி மாட்டினுடையது. செலவுக்கு நில வரியோடு சர்க்கார் வியாபாரமும் இருந்தது. சந்தனமும் மிளகும் ஏலமும் கப்பலேறின. மஸ்கட்டில் சுல்தானுக்குச் சொந்தமாகப் பண்டகசாலை இருந்தது.

முறிவு வந்ததும் இந்தக் கணக்கில்தான். மூன்றாம் யுத்தம் முடிந்த 1792-இல் கும்பெனியாரும் மராத்தியரும் நிஜாமும் சேர்ந்து ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கினார்கள். திண்டுக்கல்லும், சேலத்தைச் சேர்ந்த பாரமஹாலும், மிளகு விளையும் மலபாரும் போயின. அதற்கு மேல் 3 கோடியே 30 லட்ச ரூபாய் தண்டம். பாதி உடனே, மீதி தவணையில். ஈடாக இரண்டு சிறு பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். பாதி வருமானத்தோடு முழுக் கடனையும் தீர்த்து, 1794-இல் பிள்ளைகளை மீட்டார். எந்த முதலாளிக்கு இது கூடும்? ஆனால் பட்டாளத்துக்குப் போக வேண்டிய பணமல்லவா அது!

1799 மே 4, உச்சி வெயில். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவர் உடைந்திருந்தது. அந்த நேரத்தில் சம்பளம் வாங்கிக்கொள்ளும்படி சொல்லி மீர் சாதிக் காவல் சிப்பாய்களை உடைப்பிலிருந்து விலக்கிவிட்டான் என்று சரித்திரக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். சம்பளம் ஒரு நாள் தள்ளினால் கடைப் பையன் முகம் எப்படிப் போகும் என்று அறிந்த நமக்கு, அந்தச் சிப்பாய்கள் போனது ஆச்சரியமில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிய சுல்தான் கோட்டை வாசலில் ஷஹீதானார். உடல் பிணக் குவியலுக்குள் கிடந்தது.

கைப்பற்றிய வாணங்களை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அவற்றைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்பவர் ஆங்கிலேயருக்கு வாணம் செய்து கொடுத்தார். எல்லாம் போய்விடவில்லை. 2018-இல் கர்நாடகத்து நகரா என்ற ஊரில் பாழுங்கிணறு ஒன்றின் சேறு வெடிமருந்து நாற்றம் அடித்தது. தோண்டினார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு வாணங்கள் கிடைத்தன.