ஆனந்தரங்கரின் கவலை

தட்டாஞ்சாவடியிலிருந்து புதுவைப் பட்டணத்துட் செல்வோர் ரங்கப் பிள்ளை வீதியைக் கடக்கின்றனர். அப்பெயருக்குரியவர் தம் ஊரின் உயர்வையும் தாழ்வையும் ஒருங்கே கண்டு நெஞ்சம் நொந்தவர் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்?

1709-இல் பெரம்பூரிற் பிறந்த ஆனந்தரங்கம் பிள்ளை பாலியத்திலேயே புதுவைக்கு வந்தார், வர்த்தகத்தில் தேர்ந்தார், 1747-இல் கவர்னர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியானார். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தினசரியாகத் தமிழில் வரைந்து வந்தார்.

1748-இல் ஆங்கிலேயரின் முற்றுகை முறிந்தது. அவ்வாண்டிலேயே வேதபுரீசுவரர் ஆலயமும் இடிக்கப்பட்டது. அதைத் தடுக்க அவருடைய உயர்ந்த உத்தியோகம் உதவவில்லை. வருத்தத்தை எழுத்தில் வைத்தார், உத்தியோகத்தையோ விட்டாரில்லை.

1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையவர்கள் பதவியிழந்தார். பின்வந்த லாலியின் கடுமையும், அதிகாரிகளின் பூசலும், பணமுடையும் பட்டணத்தை அரித்தன. 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. நோயுற்ற பிள்ளையவர்கள் 1761 ஜனவரி 12-இல் காலமானார். நான்காம் நாள் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாயின.

அவர் கண்கூடாகக் கண்டவற்றுள் பல அழிவின் அறிகுறிகளே. ஆயினும் ஊரின் விதி அந்நியக் கம்பெனியின் கையிலிருந்தது. அறிவாளியின் கவலைக்கு அங்கே மதிப்பில்லை. தன் காரியத்தைப் பிறரிடம் ஒப்புவித்த ஜனசமூகத்துக்குக் கவலை மட்டும் காவலாகாது. இதுவே அத்தினசரி நமக்கு விட்டுச்சென்ற பாடம்.