கையறிந்த எழுத்து

இத்தாலி நாட்டின் கியாராவல்லே என்னும் ஊரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பணியின் பொருட்டு அவர் மனநலக் காப்பகங்களுக்குச் சென்றார். கற்கும் திறனற்றவர் என ஒதுக்கப்பட்ட சிறுவர்கள் அங்கே வெற்று அறைகளில் அடைபட்டிருந்தனர். உணவுக்குப்பின் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை அவர்கள் தேடிப் பொறுக்கினர். காப்பாளர் அதனைப் பேராசை என இகழ்ந்தார். மாண்டிசோரியோ, தொட்டறிய வேறு பொருளின்றித் தவிக்கும் கைகளைக் கண்டார். இவர்களுக்கு முதன்மையாக வேண்டுவது மருந்தன்று, தக்க கல்வியே எனத் தெளிந்தார்.

இட்டார்டு, செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900இல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பகலெல்லாம் குழந்தைகளுக்குக் கற்பித்தார். இரவில் குறிப்புகளை ஆராய்ந்தார். மரத்தில் எழுத்துகளைச் செய்வித்தார். குழந்தைகள் அவற்றை எழுதும் போக்கிலேயே விரலால் தடவி, ஒலியையும் உடன் சொல்லிப் பழகினர். அவர்களுள் சிலர் பொதுப் பள்ளி மாணவரோடு எழுத்து, வாசிப்புத் தேர்வெழுதித் தேறினர்.

ஊரார் வியந்தனர், மாண்டிசோரியோ கவலையுற்றார். குறையுடையோர் எனப்பட்டவர் இவ்வளவு உயர முடியுமெனில், நலமுள்ள குழந்தைகளை இந்நிலையிலேயே தடுத்து நிறுத்துவது எது என்னும் வினா அவரை வாட்டியது. குறை கற்பிக்கும் முறையில் உள்ளது என்பதே அவர் கண்ட விடை.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கு மர எழுத்துகள் கிடைக்காமையால், உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பு விரலுக்கு வழிகாட்டியது. எண்ணறிவுக்குப் பத்துக் கோல்கள் உதவின. முதற்கோல் 10 சென்டிமீட்டர் நீளம். பத்தாவது ஒரு மீட்டர். இரண்டையும் மூன்றையும் இணைத்து ஐந்தின் அருகில் வைத்த குழந்தை, கூட்டலைக் கையாலும் கண்ணாலும் உணர்ந்தது. தவறினால் கோல்களின் நீளமே அதனைக் காட்டியது. கண்டிப்பாரும் தண்டிப்பாரும் தேவைப்படவில்லை.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப்போர் காரணமாக நெடுங்காலம் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோதும் அப்பணி தொடர்ந்தது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

எழுத்திலும் எண்ணிலும் ஒரு குழந்தை இடறும்போது அதன்மேல் குறை சுமத்தாது, கற்பிக்கும் வழியை மாற்றிப் பார்ப்பதே ஆசிரியர் கடன் என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.