பெர்லினா, லண்டனா? 1936-ல் ஒரு தமிழக வீரர் எடுத்த முடிவு... யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

2025 நவம்பர் கடைசியில் மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கும். புதிதாகக் கட்டிய ஹாக்கி மைதானத்தில் ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. மொத்தம் 24 நாடுகள். சென்னை, மதுரை என இரண்டு ஊர்களில் ஆட்டங்கள். இந்திய அணி சுவிட்சர்லாந்தோடு மோதியது மதுரையில்தான். கடைசியில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கமும் கிடைத்தது.

அதிலிருந்து மதுரை, கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி மட்டை பிடிக்கும் பசங்க வீட்டில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. நல்லா ஆடினா போதுமா? டீமில் இடம் கிடைச்சிடுமா?

போதாது என்பதுதான் பதில். ஏன் போதாது என்று புரிந்துகொள்ள, கிட்டத்தட்ட 90 வருஷம் பின்னால் போய் ஒரு தமிழக வீரரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர் பெயர் எம்.ஜே.கோபாலன்.

தேர்வுக் குழுவின் தலைவலி என்ன?

எந்த அணியைத் தேர்வு செய்தாலும் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, இருப்பவர்களில் யார் பெஸ்ட் என்று பார்த்து வரிசையாக எடுப்பது. அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது அப்புறம். இரண்டாவது வழி, அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கான ஆளை எடுப்பது. அவரைவிடத் திறமையான ஒருவர் வெளியே நின்றாலும் பரவாயில்லை.

முதல் வழியில் போனால் ஒரே இடத்துக்கு நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். இரண்டாவது வழியில் போனால் நல்ல திறமை கைநழுவிப் போய்விடும். ஒலிம்பிக் ஹாக்கிப் பட்டியலில் 16 பேருக்குத்தான் இடம். அதனால் இந்தச் சண்டை ஒவ்வொரு முறையும் வரும்.

கோபாலன் கதையில் சுவாரஸ்யம் என்னவென்றால், ஒரே வருடத்தில் இந்த இரண்டு வழிகளும் அவர் முன்னால் வந்து நின்றன.

யார் இந்த கோபாலன்?

முழுப் பெயர் மொரப்பாக்கம் ஜாய்சம் கோபாலன். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மொரப்பாக்கம் சொந்த ஊர். பதிவுகளின்படி 1909 ஜூன் 6-ல் பிறந்தார். வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். அந்தத் தெருக்களில்தான் கிரிக்கெட் ஒட்டிக்கொண்டது.

நல்ல வேகத்தில் பந்து போடும் இளைஞனை சி.பி.ஜான்ஸ்டன் கவனித்தார். சென்னை கிரிக்கெட்டில் செல்வாக்கான ஆங்கிலேயர் அவர். கோபாலனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவரால்தான். விளையாட்டுக்குச் சம்பளம் இல்லாத காலம் அது. வேலையும் இருந்து, ஆடுவதற்கு நேரமும் கிடைப்பது பெரிய விஷயம்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன்.

அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. அதுதான் ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம். அதன் முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்தும் போனது.

ஹாக்கியில் அவர் இடம் எது?

கிரிக்கெட்டில் இவ்வளவு செய்தவர், ஹாக்கியிலும் இந்தியாவின் முன்னணி வீரர். அவர் ஆடிய இடம் சென்டர் ஹாஃப்.

இந்த இடத்தை ஒரு நிமிடம் புரிந்துகொள்வோம். அன்றைய ஹாக்கியில் கோல் கீப்பரைத் தவிர இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு இருப்பார்கள். சென்டர் ஹாஃப் என்பது அந்தப் பத்துப் பேருக்கும் நடுவில் நிற்கும் ஆள். எதிரணியின் தாக்குதலை முறிப்பதும் அவர் வேலை, நம் ஃபார்வர்டுக்குப் பந்தை ஊட்டுவதும் அவர் வேலை. வீட்டுக்கு நடுத்தூண் மாதிரி.

இன்னொன்றும் உண்டு. இப்போது ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அன்று அப்படி மாற்று ஆளை இறக்க முடியாது. ஆரம்பித்த 11 பேர்தான் கடைசி வரை. ஒரு இடம் பலவீனமானால் அன்றைக்கு முழுக்க அது ஓட்டைதான்.

1935-ல் தியான் சந்த் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம் போனது. அந்த அணியில் கோபாலனும் இருந்தார். 48 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 584 கோல். அதில் தியான் சந்த் மட்டும் 201. அப்படிப்பட்ட ஃபார்வர்டு வரிசைக்குப் பின்னால் நின்று பந்து கொடுத்த அனுபவம் கோபாலனுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் பெர்லின் ஒலிம்பிக். அவருக்கு இடம் கிட்டத்தட்ட உறுதி என்றே கருதப்பட்டது.

1936: ஒரே ஆள், இரண்டு அணி

அங்கேதான் சிக்கல். 1936 கோடையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகிறது. அதே நேரத்தில் ஹாக்கி அணி பெர்லின் போகிறது. இரண்டிலும் ஆடக்கூடியவர் கோபாலன். ஆனால் ஒன்றுக்குத்தான் போக முடியும்.

கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார் கோபாலன். ஹாக்கித் தேர்வுக்கே போகவில்லை.

இன்று பார்க்கும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அன்றைய நிலையில் இது விசித்திரமான முடிவு இல்லை. கிரிக்கெட்டில் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தைவிடப் பெரிய மேடை அப்போது கிடையாது. இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியதே 1932-ல்தான். ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளருக்கு அது இரண்டாவது வாய்ப்பு.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எந்த மேடை பெரியது என்பதல்ல, எந்த அணியில் என் இடம் காலியாக இருக்கிறது என்பது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

வேகப்பந்துக்கு முகமது நிசார் இருந்தார். இங்கிலாந்தில் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அமர் சிங் டெஸ்ட் ஆட்டங்களுக்கு வந்து சேர்ந்துகொண்டார். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஜஹாங்கீர் கானும் வந்தார். மூன்று பேரும் தரமானவர்கள். கோபாலனின் இடத்தில் ஏற்கெனவே கூட்டம்.

அதாவது, திறமைசாலி என்று கூட்டிப்போனார்கள். ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் நிரம்பியிருந்தது. அவரைப் போலவே வேகப்பந்து வீச்சாளரான ஷூட் பானர்ஜியும் அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையிலான அந்த அணியில் குழப்பத்துக்கும் குறைவில்லை. லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடைசி டெஸ்ட்டில் பாகா ஜிலானி என்ற மிதவேகப் பந்து வீச்சாளர் அறிமுகமானார். அணிக்குள் இருந்த கோஷ்டிச் சண்டையால் அவருக்குக் கிடைத்த இடம் அது என்று கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றும் பேசுவார்கள். திறமையும் பார்க்காமல் தேவையும் பார்க்காமல் ஆள் எடுக்கும் மூன்றாவது வழியும் உண்டு என்பதற்கு உதாரணமாக அதைச் சொல்வார்கள்.

மூன்று டெஸ்டிலும் கோபாலனுக்கு இடமில்லை. தொடரை இந்தியா 0-2 என இழந்தது.

பெர்லினில் என்ன நடந்தது?

கோபாலன் இல்லாததால் ஹாக்கி அணி தள்ளாடியதா? அதுதான் இல்லை. சென்டர் ஹாஃப் இடத்தில் எர்னஸ்ட் கல்லன் நின்றார். அந்த இடம் நன்றாகவே நிரம்பியது.

ஓட்டை வேறு இடத்தில் தெரிந்தது. ஜூலையில் ஜெர்மனியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 1-4 எனத் தோற்றது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்கு அது பேரதிர்ச்சி. தியான் சந்தும் மற்றவர்களும் உட்கார்ந்து யோசித்ததில் புரிந்தது, இன்சைடு ரைட் இடத்தில் ஆள் சரியில்லை என்று.

உடனே இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. கேட்டது, பொதுவாக ஒரு நல்ல ஆட்டக்காரரை அல்ல. அந்த இடத்துக்கே பழகிய அலி இக்திதார் ஷா தாராவை. அவர் விமானத்தில் கிளம்பி, அரையிறுதிக்குச் சரியாக வந்து சேர்ந்தார். கப்பலில்தான் அணிகள் போகும் காலத்தில் ஒரு ஆளுக்காக விமானம்! அந்த ஒரு இடம் அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

அரையிறுதியில் பிரான்ஸை 10-0 என வென்றார்கள். இறுதியில் ஜெர்மனியை 8-1 எனச் சாய்த்தார்கள். இரண்டிலும் தாரா கோல் அடித்தார். மொத்தத் தொடரில் இந்தியா அடித்தது 38, வாங்கியது ஒன்றே ஒன்று.

அந்த ஆகஸ்ட் 15

இறுதி ஆட்டம் நடந்தது 1936 ஆகஸ்ட் 15-ம் தேதி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம் அது. அதே ஆகஸ்ட் 15-ல்தான் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. பெர்லினில் அவரோடு நியூசிலாந்து போன தோழர்கள் தங்கப் பதக்கத்துக்காக ஆடிய நேரத்தில், லண்டனில் கோபாலன் ஆடும் 11 பேரில் இல்லை.

இந்தக் கதையில் யாருக்கு நஷ்டம்? கிரிக்கெட் அணிக்கு நிசார் இருந்தார். ஹாக்கி அணிக்கு கல்லன் கிடைத்தார். இழந்தது கோபாலன் மட்டும்தான். தவறாக ஒரு ஆளை எடுத்துவிட்டால் அணி தந்தி அடித்து இன்னொருவரை வரவழைத்துக்கொள்ளும். அந்த வயதும் அந்த வருடமும் வீரருக்குத் திரும்பி வராது.

அப்புறம் என்ன ஆனார்?

அதோடு அவர் முடங்கிவிடவில்லை. 1950-களின் தொடக்கம் வரை சென்னை அணிக்கு ஆடினார். மாநில அணியின் கேப்டனாக இருந்தார். பிற்காலத்தில் இந்திய கிரிக்கெட் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தார். பட்டியலில் இருந்தும் ஆடாமல் இருப்பதன் வலி தெரிந்த ஒருவர், பட்டியல் போடும் நாற்காலிக்கு வந்தார் என்று சொல்லலாம்.

சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த கிரிக்கெட் போட்டிக்கு கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 1950-களில் தொடங்கிய அது 1980-களின் ஆரம்பம் வரை நடந்தது. சேப்பாக்கம் மைதானத்தில் அவர் பெயரில் ஒரு வாயிலும் உண்டு. 2003 டிசம்பர் 21-ல் சென்னையில் காலமானபோது, உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர்தான். அத்தனை வருட வாழ்க்கையில் அவர் ஆடிய டெஸ்ட், 1934-ல் ஆடிய அந்த ஒன்று மட்டும்.

இன்றைய பசங்களுக்கு இதில் என்ன இருக்கு?

திறமையா, தேவையா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-ல் 1963 முதல் இளம் வீரர்களை டிராஃப்ட் முறையில் பிரித்தெடுக்கிறார்கள். அங்கே எடுக்கப்படும் 18 வயதுப் பையன் பெரும்பாலும் சில வருடம் கழித்துத்தான் மெயின் டீமுக்குத் தயாராவான். அதற்குள் அணியின் தேவையே மாறிவிடும். அதனால் இடத்தைப் பார்க்காமல் திறமையை எடு என்ற கருத்து அங்கே வலுவாக உண்டு.

நம்ம ஊர் விளையாட்டு விடுதிகளுக்கும் அதே கணக்குதான். மதுரைக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கும் கோவில்பட்டி கரிசல் மண்ணில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி ஆகியோர் இந்திய சீனியர் அணி வரை போனார்கள். விடுதிக்கு 13, 14 வயதில் வரும் பையனிடம் வேகமும் கைவாகும் இருந்தால் போதும். எந்த இடம் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். இந்திய ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்ரீஜேஷே இதற்குச் சாட்சி. கேரளத்தில் ஓட்டப்பந்தயத்தில் தொடங்கியவர் அவர். பள்ளியில் கோல் கீப்பராக மாறி, இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வென்றார்.

ஆனால் இன்னும் ஆறு வாரத்தில் போட்டி என்றால் கதை வேறு. அப்போது தேர்வாளர் பார்ப்பது ஓட்டையை மட்டும்தான். 1936-ல் தாராவுக்குப் போன தந்தி மாதிரி.

அதனால் மட்டை பிடிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இரண்டு விஷயத்தை மனசில் வைக்கலாம். சின்ன வயதில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இரண்டு, மூன்று இடத்தில் ஆடிப் பழகுவது முதலாவது. டிஃபென்ஸும் ஆடத் தெரிந்த ஃபார்வர்டுக்குக் கதவு அதிகம். பெரிய அணியிலிருந்து அழைப்பு வந்தால், அந்த அணியின் பெயரை மட்டும் பார்க்காமல், அங்கே தன் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது இரண்டாவது.

தேர்வுப் பட்டியலில் பெயர் வராவிட்டால் பையனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. அவன் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார் என்றும் இருக்கலாம். கோபாலனின் திறமையில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. 1936 கோடையில் அவருக்குக் கிடைக்காமல் போனது, நிற்பதற்கு ஒரு இடம்.