மாயூரம் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (அக்டோபர் 11, 1826 - ஜூலை 21, 1889) தமிழின் முதல் புதினத்தை எழுதியவர். ஆங்கிலேயர் கால முன்சீப்பான இவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து நூலாக வெளியிட்ட முன்னோடியும் ஆவார்.

இளமை

அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும் அக்காலத்தில் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. திருச்சி நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார்.

நீதிமன்றப் பணி

திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857 இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து 1872 இல் ஓய்வு பெற்றார். முன்சீப் நீதிமன்றம் என்பது நிலம், கடன் முதலிய உரிமையியல் வழக்குகளை முதலில் விசாரிக்கும் கீழ்நிலை நீதிமன்றமாகும். எளிய மக்கள் பெரும்பாலும் நீதியை நாடிச் சென்ற இடம் இதுவே.

சட்டத் தமிழ்

சென்னை மாகாணத்தில் கும்பினியின் உயர்ந்த நீதிமன்றமாகச் சதர் நீதிமன்றம் விளங்கியது. 1862 இல் சென்னை உயர் நீதிமன்றம் அமைந்தபோது இது அதனுடன் இணைந்தது. மேல் நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்வது இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நீதிமுறையிலும் உள்ள மரபாகும். எனவே தீர்ப்புகளை அறியாதவரால் தம் உரிமையை முழுமையாக நிலைநாட்ட இயலாது. அத்தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன.

இக்குறையைப் போக்க, சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவரும் சட்டத்தின் போக்கை உணர இது வழிசெய்தது. தமிழர் வாழும் ஊர்களின் நீதிமன்றங்களில் வழக்குரைஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதைத் தமது பிரதாப முதலியார் சரித்திரம் (1879) என்ற புதினத்திலும் கண்டித்துள்ளார். கட்சிக்காரருக்கே விளங்காத மொழியில் அவர் வழக்கு நடப்பது முறையன்று என்பது இவரது கருத்தாகும்.

பிற பணிகள்

நீதிநூல் (1859), சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878), சுகுணசுந்தரி (1887) ஆகியவை இவரது பிற நூல்களுள் சில. பெண் கல்வியை வலியுறுத்தியும் எழுதினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். 1876-78 பெரும் பஞ்சத்தின்போது தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்தார். இவரது கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியுள்ளார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக்கோவை என்னும் நூலை இயற்றினார்.

1889 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் தமது 62 ஆவது வயதில் காலமானார்.