ஊர்க்கதைகளைச் சேர்த்து வைத்த மெக்கன்சி



ராஜாக்கள் கதை சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஏரி வெட்டிய ஊர்க்காரன் கதை எங்கே இருக்கிறது? அதைத் தேடி அலைந்தவர்தான் காலின் மெக்கன்சி.

ஸ்காட்லாந்திலே லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்த இவர், 1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். நில அளவைதான் உத்தியோகம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூர்ச் சீமையை அளக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. நிலத்தை மட்டுமா அளந்தார்? கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, கர்ணம் வீட்டுக் கணக்கு, கிழவர்கள் சொன்ன கதை என்று எல்லாவற்றையும் திரட்டச் செய்தார்.

இதிலே ஒரு விசேஷம். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது! அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர் காவலி வெங்கட போரய்யா என்ற இளைஞர். ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் பதமாகப் பேசி, ஏடுகளைப் பெற்று வந்தார். 1803-இல் போரய்யா இளவயதிலேயே இறந்துபோனார். தம்பி இலட்சுமய்யா அந்த வேலையைத் தொடர்ந்தார்.

1811-இல் ஆங்கிலேயக் கப்பற்படை நம் மலாக்காவில் கூடி ஜாவாவுக்குக் கிளம்பியது. மெக்கன்சியும் அதிலே போனார்; அங்கேயும் ஏடுகள் சேர்த்தார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். 1821 மே 8-ஆம் நாள் காலமானார். அவர் விட்டுச் சென்ற சுவடிகள் 1,568. கல்வெட்டுப் படிகள் 8,076. அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு இவற்றை வாங்கியது.

சேர்த்தால் மட்டும் போதுமா? சென்னைக்குத் திரும்பி வந்த ஏடுகளில் பல பூச்சி அரித்து, மை மங்கிக் கிடந்தன. 1830-களில் வில்லியம் டெய்லர் பாதிரியார் அவற்றைப் படியெடுக்க வைத்துக் காப்பாற்றினார். இன்று சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவை இருக்கின்றன. இடிந்து போன கோயிலுக்கும் மறைந்து போன ஊருக்கும் அவையே சாட்சி.

நம் பாட்டன் பாட்டி வேலை செய்த தோட்டங்கள் பல இன்று இல்லை. லயத்து வீடுகளும் போயின. ஆனால் வீட்டிலுள்ள தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், கோயில் திருவிழா நோட்டீஸ் ஏதாவது கிடக்கும். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளே, இன்று ராத்திரியே தாத்தாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் கதையைச் சேர்க்க வெளியூரிலிருந்து ஒரு துரை வரவேண்டாம், நாமே சேர்க்கலாம்.