ரோமாபுரியில் நிலச் சட்டம் கண்ட டைபீரியஸ் கிராக்கஸ்

பண்டைய ரோமாபுரி குடியரசு என்று பெயர் பெற்ற நாடு. மன்னனைத் துரத்திவிட்டு, ஆண்டுதோறும் இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்து ஆட்சி நடத்திய நாடு. கி.மு. 509-இல் இம்மாற்றம் நிகழ்ந்ததாக அவர்தம் மரபு கூறும். ஆயினும், குடியரசு என்னும் பெயரைக் கேட்டவுடன் அங்கே அனைவரும் ஒருநிகராக வாழ்ந்தனர் என்று நம் இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. பிறப்பால் உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதிக்கொண்ட பெட்ரீஷியர் ஒருபுறம். பிளீபியர் எனப்பட்ட பொதுமக்கள் மறுபுறம். இவ்விரு சாராரும் மணவுறவு கொள்ளலாகாது என்று கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம் தடை விதித்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே மக்கள் போராடி அத்தடையை நீக்கினர். இரு சாராருக்கும் கீழே, மனிதக் கணக்கிலேயே சேர்க்கப்படாத அடிமைகள் இருந்தனர்.

கடன் கொடுமை தாங்காத பிளீபியர் கி.மு. 494-இல் ஊரைவிட்டு வெளியேறி ஒரு குன்றின்மீது சென்று அமர்ந்துவிட்டனர் என்பது மரபு. படைக்கு ஆளில்லை, உழைக்க ஆளில்லை. மேலோர் இறங்கி வந்தனர். அப்போது பிறந்ததே டிரிபியூன் என்னும் மக்கள் காவலர் பதவி. பின்னர் அவர்கள் ஆண்டுக்குப் பதின்மர் ஆயினர். டிரிபியூனின் உடல் புனிதமானது. அவன்மீது கை வைத்தவன் சட்டத்தின் காவலை இழப்பான். எந்த அதிகாரியின் செயலையும் ஒரே சொல்லால் அவன் தடுத்துவிடலாம். டைபீரியஸ் கிராக்கசின் வாழ்வும் முடிவும் இப்பதவியோடு பிணைந்தவை.

டைபீரியஸ் பிறந்தது ஏறத்தாழக் கி.மு. 163-இல். குடிவழியால் பிளீபியரே, எனினும் ஏழையல்லர். செல்வம் படைத்த பிளீபியக் குடும்பங்கள் அதற்குள் பெட்ரீஷியரோடு கலந்து, செனட் சபையை ஆளும் ஒரே கூட்டமாகிவிட்டிருந்தன. தந்தையார் இருமுறை கான்சலாக இருந்தவர். தாயார் கொர்னீலியா, ஹன்னிபாலை வென்ற தளபதி சிப்பியோவின் மகள். பன்னிரு மக்களைப் பெற்ற அவ்வம்மையாருக்கு எஞ்சியவர் மூவரே. கணவர் மறைந்தபின் எகிப்திய மன்னன் மணம் பேசி ஆள் அனுப்பினான். மறுத்துவிட்டு, மக்களின் கல்வியிலேயே தம் வாழ்நாளைச் செலுத்தினார். கிரேக்க நாட்டு டயோபனீஸ் பேச்சுக்கலையையும், கூமே நகரத்துப் பிளாசியஸ் தத்துவத்தையும் டைபீரியசுக்குப் பயிற்றினர். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் இவ்விருவர் பெயரையும் விடாமல் குறிக்கின்றேன். டயோபனீசின் பெயர் மறுபடியும் வரும்.

கி.மு. 137-இல் டைபீரியஸ் குவெஸ்டர் என்னும் நிதி அதிகாரியாக ஸ்பெயின் நாட்டுப் போருக்குச் சென்றார். நுமாந்தியா நகரத்தார் ரோமானியப் படையை வளைத்துக்கொண்டனர். தளபதியை நம்பாத அம்மக்கள், நேர்மைக்குப் பெயர்போன தந்தையின் மகன் என்பதற்காக டைபீரியசோடு மட்டுமே பேச இசைந்தனர். அவர் செய்த உடன்படிக்கையால் 20,000 வீரர் உயிர் பிழைத்தனர். முகாமைக் கைப்பற்றியவர்கள் அவருடைய கணக்கேடுகளையும் எடுத்துச் சென்றிருந்தனர். அவர் ஒரு சில துணைவரோடு பகைவரின் நகரவாயிலுக்குத் திரும்பிச் சென்று, அவற்றைக் கேட்டு வாங்கினார். கணக்குக் காட்ட இயலாமற்போனால் ஊரில் பழிக்கு ஆளாக நேரும் என்பதே காரணம். வேறெதை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளுமாறு அவர்கள் உபசரித்தபோது, வழிபாட்டுக்குச் சிறிது சாம்பிராணி மட்டும் பெற்றுக்கொண்டார். செனட் சபையோ அவ்வுடன்படிக்கையை இழிவென்று தள்ளிவிட்டது.

ஸ்பெயினுக்குச் செல்லும் வழியில் எத்ரூரியா நாட்டில் அவர் கண்ட காட்சியை அவர் தம்பி கயஸ் பின்னாளில் எழுதிவைத்தார். உழவர் குடிகளைக் காணோம். வெளிநாடுகளிலிருந்து பிடித்துவந்த அடிமைகளே வயலிலும் மேய்ச்சலிலும் இருந்தனர். இது எவ்வாறு நேர்ந்தது? போரில் வென்ற நிலத்தின் ஒரு பகுதி அரசின் பொதுநிலம் ஆயிற்று. நம் ஊர்ப் புறம்போக்கைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். சிறு வாரம் கட்டி எவரும் பயிர் செய்யலாம் என்பது ஏற்பாடு. ஆள்பலமும் பணபலமும் உடையோர் அதனை வளைத்துக்கொண்டனர். ஒருவர் 500 யூகரத்திற்கு மேல், அதாவது ஏறத்தாழ 310 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கலாகாது என்று பழைய உச்சவரம்புச் சட்டம் ஒன்று இருக்கவே செய்தது. பினாமிப் பெயர்களில் நிலத்தை மாற்றிக்கொண்டனர். பிறகு அந்த வெட்கமும் இன்றி வெளிப்படையாகவே வைத்துக்கொண்டனர். சிறு உழவனோ ஆண்டுக்கணக்கில் கடல்கடந்த போர்களில் இருந்தான். திரும்பியபோது நிலம் அவனிடம் இல்லை.

கி.மு. 133-இல் டிரிபியூனாகிய டைபீரியஸ் கொண்டுவந்த சட்டம் கடுமையானதன்று. உச்சவரம்பு அதே 500 யூகரம்தான். மகன்களுக்கெனக் கூடுதலும் உண்டு. அதற்கு மேற்பட்டதை மீட்டு ஏழைக் குடிமக்களுக்குப் பங்கிட வேண்டும். பெற்றவர் அதனை விற்கலாகாது. நிலத்தை அளந்து, எது அரசு நிலம் எது சொந்த நிலம் என்று தீர்ப்பளிக்க மூவர் குழு அமைக்க வேண்டும். பழைய சட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அக்குழுதான்; செல்வர்கள் அஞ்சியதும் அதற்கே என்பது என் கருத்து.

அவர்கள் மற்றொரு டிரிபியூனாகிய ஆக்டேவியசைப் பிடித்தனர். மக்களைக் காக்கப் பிறந்த தடையுரிமை மக்களுக்கு எதிராகவே எழுந்தது. ஆக்டேவியசின் வசமும் பொதுநிலம் இருந்தது. அதற்கு ஈடாகத் தம் சொந்தப் பணத்தைத் தருவதாக டைபீரியஸ் கூறியும் அவர் இசையவில்லை. முடிவில், மக்கள் நலனுக்கு மாறாக நிற்பவர் டிரிபியூனாக இருக்கலாமா என்பதையே வாக்குக்கு விட்டார் டைபீரியஸ். மொத்தம் 35 வாக்குப் பிரிவுகள். 17 பிரிவுகள் ஆக்டேவியசுக்கு எதிராக வாக்களித்தபின் வாக்கெடுப்பை நிறுத்திக் கெஞ்சினார். அவர் கண்கலங்கினாலும், அருகில் நின்ற செல்வர்களைப் பார்த்து மௌனமானார் என்பர். பதினெட்டாம் பிரிவும் வாக்களித்தது, பதவி பறிபோயிற்று. புனிதமான பதவியைத் தீண்டிவிட்டார் என்று எதிரிகள் கூறிய குற்றச்சாட்டை முற்றும் தள்ளிவிட முடியாது.

சட்டம் நிறைவேறியது. டைபீரியசும், அவர் மாமனாரும், தம்பி கயசும் குழுவினர் ஆயினர். அவர்களுக்குச் செனட் சபை ஒரு கூடாரம் கொடுக்கவும் மறுத்து, நாளொன்றுக்கு ஒன்பது செப்புக்காசு அளவே படி ஒதுக்கியது. சட்டத்தை எதிர்க்க முடியாதவர்கள் செலவுக்குப் பணம் தராமல் அதனைச் சாகடிக்க முயன்றனர். அவ்வேளையில் பெர்கமம் நாட்டு மன்னன் தன் நாட்டையும் செல்வத்தையும் ரோமானிய மக்களுக்கு எழுதிவைத்து இறந்தான். அப்பணத்தை நிலம் பெறும் ஏழைகளுக்கு ஏர், கருவி வாங்கக் கொடுக்கலாம் என்றார் டைபீரியஸ். நிதியும் வெளிநாட்டு விவகாரமும் தங்கள் உரிமை என்றிருந்த செனட் சபையினர் கொதித்தனர்.

ஒன்றை இங்கே மறைக்காமல் கூறவேண்டும். அந்நிலங்களில் உண்மையாக உழுதுகொண்டிருந்த அடிமைகளுக்கு அச்சட்டத்தில் ஒரு சாண் நிலமும் இல்லை. அதே ஆண்டுகளில் சிசிலித் தீவில் யூனஸ் என்னும் அடிமையின் தலைமையில் பெரும் புரட்சி நடந்துகொண்டிருந்தது. டைபீரியஸ் அதனைச் சுதந்திர உழவர் இல்லாமையால் வரும் ஆபத்தாகக் கண்டாரேயன்றி, அடிமைகளின் துயராகக் காணவில்லை. ஏழைக்காக எழுந்த குரலும் கடையனை எட்டாமல் நின்றுவிட்டது.

பதவிக்காலம் முடிந்தால் பழிவாங்குவர் என்று அஞ்சி, மறுபடியும் டிரிபியூன் தேர்தலில் நின்றார். தேர்தலன்று கூச்சலுக்கிடையே தம் உயிருக்கு ஆபத்து என்பதைக் காட்டத் தலையைத் தொட்டார். முடி சூட்டுமாறு கேட்கின்றார் என்று செனட் சபைக்குச் செய்தி ஓடியது. கான்சல் வன்முறைக்கு மறுத்தும், தலைமைப் பூசாரியாகிய சிப்பியோ நாசிக்கா சபையினரைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். உடைந்த இருக்கைகளின் கால்களாலும் தடிகளாலும் அடித்துக் கொன்றனர். கை வைக்கலாகாத உடலின்மீது கை வைத்தோர் சட்டம் இயற்றும் பெரியோரே. 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல்களை உறவினரிடம் தராமல் இரவோடிரவாக டைபர் ஆற்றில் எறிந்தனர். ஆசிரியர் டயோபனீசும் பின்னர்க் கொல்லப்பட்டார். டைபீரியசுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை.

ஆளைக் கொன்றவர்கள் சட்டத்தை உடனே நீக்கத் துணியவில்லை. குழு தொடர்ந்து நிலம் அளந்தது. கயசின் பெயரும் உடன் உறுப்பினர் பெயரும் பொறித்த எல்லைக்கற்கள் தென்இத்தாலியில் கிடைத்துள்ளன. கி.மு. 129-இல் குழுவின் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எடுக்கப்பட்டு ஒரு கான்சலிடம் கொடுக்கப்பட்டது. அவர் போருக்கென்று வெளிநாடு சென்றுவிட்டார், வழக்குகள் தேங்கின. கி.மு. 123-இல் டிரிபியூனாகிய கயஸ் மேலும் பல சட்டங்கள் கண்டு, கி.மு. 121-இல் அண்ணனைப் போலவே மாண்டார். அதன்பின் சில ஆண்டுகளில், பங்கிட்ட நிலத்தை விற்கலாகாது என்ற தடை நீக்கப்பட்டது. செல்வர்கள் விலை கொடுத்தும் மிரட்டியும் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டனர். எஞ்சியிருந்த பொதுநிலத்தில் பெரும்பகுதியையும் அனுபவித்து வந்தவர்க்கே சொந்தமாக்கிக் கி.மு. 111-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பொறித்த வெண்கலப் பலகையின் துண்டுகள் இன்றும் உள்ளன.